பூட்டப்பட்ட வீட்டுக் கம்ப்யூட்டர்: அப்பாவின் நாதஸ்வரப் பதிவுகளை மீட்க வழி உண்டா?

கயல்விழி_தென்காசி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக் கம்ப்யூட்டரில் நேற்று மாலையிலிருந்து ஒரு ஃபைலும் திறக்கவில்லை. விண்டோஸ் 10. போட்டோ, வீடியோ, வேர்டு ஃபைல் எதைப் பார்த்தாலும் பெயருக்குப் பின்னால் அர்த்தமில்லாத நான்கு எழுத்து ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்று ஒரு கடிதம். 980 டாலர் கட்டினால் ஃபைல்களைத் திறந்து தருவார்களாம், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை 490 டாலராம்.

என் நாத்தனார் மகன் கல்லூரி ஆண்டு விழா வீடியோவை எடிட் செய்ய எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். எடிட்டிங் மென்பொருளின் கிராக் (விலை கொடுக்காமல் ஓட்டும்படி உடைத்த திருட்டுப் பதிப்பு) ஒன்றை விடுதி நண்பன் பென்டிரைவில் கொடுத்திருக்கிறான். அதை இயக்கிய நேரத்தில் கரன்ட் இல்லை. கம்ப்யூட்டர் இன்வெர்ட்டரில் ஓடியது, மோடம் அந்த லைனில் கிடையாது. கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் நடப்பதுபோல ஒரு பெட்டி வந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரன்ட் வந்து இன்டர்நெட்டும் திரும்பிய பிறகுதான் ஃபைல் பெயர்கள் மாறியிருப்பதைப் பார்த்தோம். ஆன்டிவைரஸ் இறக்கலாம் என்றால் அந்தத் தளங்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன, மற்றவை திறக்கின்றன.

போட்டோ போனால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன். என் அப்பா கோயில் நாதஸ்வரக் கலைஞர். அவர் காலமான பிறகு, வீட்டில் இருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன். புறப்பாட்டு மல்லாரி, இரவு முழுக்க வாசித்த தோடி எல்லாம் அதில்தான் இருக்கிறது. கேசட்டுகளில் பாதி இப்போது பூஞ்சை பிடித்து ஓடாது. அதை மட்டும் மீட்க முடிந்தால் போதும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்வா_ஐடி

அக்கா, இது ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். இன்றைக்கே முழு டிஸ்கையும் ஃபார்மட் செய்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். வைரஸ் உள்ளே இருக்கும்வரை ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. பூட்டிய ஃபைல் திரும்ப வராது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

முத்துராமன்_கோவை

கயல்விழி அம்மா, தயவுசெய்து இப்போது ஃபார்மட் செய்யாதீர்கள். செல்வா தம்பி சொல்வது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அதையே முதலில் செய்தால் மீட்கக்கூடியதும் போய்விடும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஸ்டாப் என்றும் டிஜேவு என்றும் அழைக்கப்படும் ரான்சம்வேர் குடும்பத்துடையவை. 980 டாலர், பாதி விலை, நான்கு எழுத்து, போலி அப்டேட் பெட்டி, ஆன்டிவைரஸ் தளங்களைத் தடுப்பது எல்லாம் அதன் வழக்கம். பெரிய நிறுவனங்களைத் தாக்கும் கும்பல்கள் வேறு. இது வீட்டுக் கம்ப்யூட்டர்களையே குறிவைத்து, பெரும்பாலும் கிராக் மென்பொருள் வழியாக, 2018 முதல் உலகம் முழுக்கப் பரவிய ஒன்று.

இப்போது செய்ய வேண்டியவை. மோடம் வயரைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். அதில் பென்டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்கோ செருகாதீர்கள். இந்த வகை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் தன்னைப் பதிந்துகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி ஓடும். புதிதாகச் செருகியதையும் பூட்டும். கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிடுங்கள். ஃபைல் பெயரில் ஒட்டியிருக்கும் நான்கு எழுத்தை நீக்கிப் பார்க்க வேண்டாம், ரீட்மீ கடிதத்தையும் அழிக்க வேண்டாம்.

அடுத்தது, இதைவிட அவசரமானது. டிஜேவு பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அசோரல்ட், விடார், ரெட்லைன் போன்ற திருட்டு நிரல்களில் ஒன்றைக் கூடவே இறக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நாம் லாகின் ஆகியிருப்பதை நினைவில் வைக்கும் குக்கீகளையும் அது சில நிமிடங்களில் அள்ளிக்கொண்டு போய்விடும். பூட்டிய ஃபைல் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திருடுபோனது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே உங்கள் போனை மொபைல் டேட்டாவில் வைத்து முதலில் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்புறம் நெட் பேங்கிங், அப்புறம் மற்றவை. ஏன் ஜிமெயில் முதலில் என்றால், மற்ற பெரும்பாலான கணக்குகளின் பாஸ்வேர்டையும் மெயில் வழியாகவே மாற்றிவிட முடியும். அது அவர்கள் கையில் இருந்தால் நீங்கள் மாற்றுவதை எல்லாம் அவர்கள் திரும்ப மாற்றுவார்கள்.

72 மணி நேரக் கெடுவைப் பார்த்துப் பதற வேண்டாம். அது உங்களை யோசிக்கவிடாமல் செய்வதற்காக எழுதியது. ஃபைல்கள் அதற்குப் பிறகும் இதே நிலையில்தான் இருக்கும்.

பாஸ்வேர்ட் வேலை முடிந்ததும் சொல்லுங்கள், பதிவுகளைப் பற்றிப் பேசலாம். அவை எம்பி3யா, வேவ் ஃபைலா?

பாத்திமா_நாகூர்

முத்துராமன் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இதே நடந்தது. என் தம்பி ஒரு விளையாட்டின் கிராக்கை இறக்கினான். ஃபைல் எதுவும் பூட்டப்படவில்லை, கம்ப்யூட்டர் வழக்கம்போல் ஓடியது. சில நாளில் அவனுடைய சமூக ஊடகக் கணக்கிலிருந்து உறவுக்காரர்கள் எல்லோருக்கும் பணம் கேட்டுச் செய்தி போனது. ஓடிபி போட்டு வைத்திருந்த கணக்கு அது, ஆனால் ஓடிபி வரவே இல்லை. ஏற்கெனவே லாகின் ஆகியிருந்த குக்கீயைத் திருடியவர்களுக்கு பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை.

அதனால் பாஸ்வேர்ட் மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள் அக்கா. ஒவ்வொரு கணக்கிலும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கள். ஜிமெயிலில் மீட்பு எண், மீட்பு மெயில் இரண்டும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஃபில்டர், ஃபார்வர்டிங் பகுதிகளையும் பாருங்கள். நம்முடைய மெயிலின் ஒரு நகல் தங்களுக்கு வரும்படி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நாம் பாஸ்வேர்ட் மாற்றினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்கள் நாத்தனார் மகன் அந்தக் கம்ப்யூட்டரில் ஏதாவது கணக்கைத் திறந்திருந்தால் அவனையும் இன்றே மாற்றச் சொல்லுங்கள். பிள்ளையைத் திட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் எதையெல்லாம் திறந்தான் என்று முழுதாகச் சொல்வான்.

வங்கிக் கணக்கில் ஏதாவது குறைந்திருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க முடியும்.

கயல்விழி_தென்காசி

ரொம்ப நன்றி. ஜிமெயில், வங்கி எல்லாம் போனிலேயே மாற்றிவிட்டேன். பாத்திமா சொன்னபடி பார்த்ததில் தெரியாத ஃபில்டர் எதுவும் இல்லை. வங்கியில் பணம் அப்படியே இருக்கிறது. நாத்தனார் மகனும் தன் கணக்குகளை மாற்றிவிட்டான்.

அப்பாவின் பதிவுகள் பெரும்பாலும் வேவ். உறவுக்காரர்களுக்கு அனுப்புவதற்காகச் சிலவற்றை எம்பி3 ஆகவும் மாற்றியிருந்தேன்.

ரவி_மதுரை

கயல்விழி மேடம், எங்கள் ஊரில் டேட்டா மீட்டுத் தரும் கடை ஒன்றில் விசாரித்தேன். நூறு சதவீதம் எடுத்துத் தருவோம், ஆனால் முன்பணம் வேண்டும் என்கிறார்கள். 490 டாலரைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். அவசரம் என்றால் இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

முத்துராமன்_கோவை

ரவி, நீங்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த விலையை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். 490 டாலரைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றால், குற்றவாளிக்கு 490 கட்டிச் சாவி வாங்கிவிட்டு, மிச்சத்தைத் தாங்கள் வைத்துக்கொள்ளும் இடமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்தப் பூட்டுக்கு இரண்டு நிலைதான். சாவி ஏற்கெனவே வெளியாகியிருந்தால் இலவசமாகத் திறக்கலாம். வெளியாகவில்லை என்றால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. முன்பணம் கேட்கும் "நூறு சதவீதம்" பேச்சுக்கு நடுவில் இடமே இல்லை.

அந்த இரண்டு நிலையை விளக்கிவிடுகிறேன். இந்த நிரல் ஓடத் தொடங்கியதும் தன் சர்வரைத் தொடர்பு கொண்டு, உங்கள் கம்ப்யூட்டருக்கென்றே ஒரு சாவியை வாங்கும். அது ஆன்லைன் சாவி. சர்வர் கிடைக்கவில்லை என்றால் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு பொதுச் சாவியால் பூட்டும். அது ஆஃப்லைன் சாவி. ஒரே நான்கெழுத்து வகையில் ஆஃப்லைனாகப் பூட்டப்பட்ட எல்லோருக்கும் சாவி ஒன்றுதான். யாராவது ஒருவர் பணம் கட்டிச் சாவி வாங்கி அதை ஆய்வாளர்களிடம் கொடுத்தால் மற்ற எல்லோருக்கும் திறந்துவிடும். எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவசக் கருவி இந்த ஆஃப்லைன் சாவிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது.

2019 ஆகஸ்ட் வரை வந்த பழைய வகைகளில் ஒரு ஃபைலின் மூலப் பிரதியும் பூட்டிய பிரதியும் கையில் இருந்தால் திறக்க வழி இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் ஆர்எஸ்ஏ என்ற உறுதியான பூட்டு முறையைச் சரியாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதனால் ஆன்லைன் சாவியால் பூட்டியதை இன்றைக்கு உடைக்க முடியாது. யூடியூபில் "எல்லா வகையையும் திறக்கும் கருவி" என்று வரும் வீடியோக்களின் கீழே உள்ள இணைப்பைத் தொடாதீர்கள், அவற்றில் பல இன்னொரு வைரஸ்.

உங்களுக்கு எதனால் நம்பிக்கை இருக்கிறது என்றால், அந்தக் கிராக்கை இயக்கியபோது மோடம் அணைந்திருந்தது. அப்படியென்றால் முதலில் பூட்டியவை ஆஃப்லைன் சாவியில் இருக்கலாம், இன்டர்நெட் வந்த பிறகு பூட்டியவை ஆன்லைன் சாவியில் இருக்கலாம். சி டிரைவில் சிஸ்டம்ஐடி என்ற ஃபோல்டரும் அதற்குள் பெர்சனல்ஐடி என்ற உரை ஃபைலும் இருக்கும். அதில் எத்தனை வரி இருக்கிறது, ஏதாவது ஒரு வரி சின்ன டி எழுத்தும் 1 என்ற எண்ணுமாக (t1) முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி முடிவது ஆஃப்லைன்.

ஆனால் அதைப் பார்க்க விண்டோஸைத் திறக்காதீர்கள். வேறு ஒரு நல்ல கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) பென்டிரைவ் தயார் செய்து, உங்கள் கம்ப்யூட்டரை அதிலிருந்து துவக்குங்கள். அது டிஸ்கில் எதையும் நிறுவாமலே ஓடும். விண்டோஸ் ஓடாததால் வைரஸும் ஓடாது. அப்போது வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகி, பூட்டிய ஃபைல்கள் அனைத்தையும், சிஸ்டம்ஐடி ஃபோல்டரையும், ஒரு ரீட்மீ கடிதத்தையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் படிக்க மட்டும் திறக்கிறது என்று மின்ட் சொன்னால் பயப்பட வேண்டாம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பால் வருவது அது. நகலெடுக்கப் படிக்க முடிந்தால் போதும்.

கயல்விழி_தென்காசி

பக்கத்துத் தெருவில் பொறியியல் படிக்கும் பெண் மின்ட் பென்டிரைவ் செய்து கொடுத்தாள். புது ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டேன்.

பெர்சனல்ஐடி ஃபைலில் இரண்டு வரி இருக்கிறது. ஒன்று நீங்கள் சொன்ன மாதிரியே டி1 என்று முடிகிறது! இன்னொன்று வேறு மாதிரி முடிகிறது.

முத்துராமன்_கோவை

நல்ல செய்தி. உங்கள் வகைக்கு ஆஃப்லைன் சாவி கிடைத்திருக்கிறதா என்று எம்சிசாஃப்ட் கருவியை ஓட்டினால்தான் தெரியும். அந்தக் கருவிக்கு இன்டர்நெட் வேண்டும், அதனால் சுத்தமான கம்ப்யூட்டரில்தான் ஓட்ட வேண்டும்.

இப்போது நகல் பத்திரமாக இருக்கிறது, விண்டோஸைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். அந்தப் புது ஹார்ட் டிஸ்கை முதலில் கழற்றி அலமாரியில் வையுங்கள். விண்டோஸில் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியலிடும் ஃபார்பார் ரெகவரி ஸ்கேன் டூலை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, காலிப் பென்டிரைவில் கொண்டுவந்து ஓட்டுங்கள். இரண்டு உரை ஃபைல் தரும். அவற்றை எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள், பொதுவில் போட வேண்டாம். பயனர் பெயர், ஃபோல்டர் பெயர் எல்லாம் அதில் இருக்கும்.

முத்துராமன்_கோவை

கயல்விழி அம்மா அனுப்பிய இரண்டு உரை ஃபைலையும் படித்துவிட்டேன். பின்னால் வருபவர்களுக்கும் உதவும் என்பதால், அவர் அனுமதியோடு, கண்டதைச் சொல்கிறேன்.

பயனரின் ஆப்டேட்டா லோக்கல் ஃபோல்டருக்குள் எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் வைரஸின் பிரதி. அந்த ஃபோல்டரை யாரும் அழிக்க முடியாதபடி, விண்டோஸின் சொந்தக் கட்டளையான ஐகேக்கல்ஸை வைத்தே அனுமதியைப் பிடுங்கியிருக்கிறது. "டெலீட் கொடுத்தாலும் போகமாட்டேன் என்கிறது" என்று பலர் தவிப்பது இதனால்தான். டாஸ்க் ஷெட்யூலரில் டைம் டிரிகர் டாஸ்க் என்ற பெயரில் ஒரு வேலை. ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதியில் சிஸ்ஹெல்பர் என்று ஒரு பதிவு, கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் ஓடுவதற்கு. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டு, எங்கும் போகாதபடி திருப்பிவிடப்பட்டிருக்கின்றன. நீங்கள் முதலில் சொன்ன, சில தளங்கள் மட்டும் திறக்காத பிரச்சினைக்கு இதுதான் காரணம்.

மிகவும் கவலை தந்தது வேறு. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதாவது டிஃபெண்டர் ஓடிக்கொண்டே இருக்கும், பச்சை நிற டிக்கும் காட்டும், ஆனால் சி டிரைவில் எதையும் பார்க்காது. இந்த நிலையில் ஸ்கேன் ஓட்டி "எந்த அச்சுறுத்தலும் இல்லை" என்று வந்தால் அதற்கு மதிப்பே இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால் ஸ்கேனுக்கு முன் விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பகுதியைப் பாருங்கள்.

இவற்றை நீக்க, ஃபார்பார் கருவி எதையெல்லாம் அழிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு ஃபிக்ஸ்லிஸ்ட்டை அவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அது அவருடைய கம்ப்யூட்டருக்கு மட்டுமே பொருந்தும். வேறொருவர் அதை எடுத்து ஓட்டினால் விண்டோஸ் திறக்காமலே போகலாம், அதனால் இங்கே போடவில்லை.

கணபதி_சேலம்

ஃபிக்ஸ்லிஸ்ட் முடிந்ததும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று, மால்வேர்பைட்ஸ் ஒன்று, ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர் ஒன்று ஓட்டினால் போதும். டிஜேவு விண்டோஸின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும் ரூட்கிட் வகை இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதற்குமேல் புதிதாக விண்டோஸ் போடுவது வீண் வேலை. டிரைவர் தேடுவது, பிரிண்டர் மறுபடி இணைப்பது என்று ஒரு வாரம் போகும்.

செல்வா_ஐடி

கணபதி அண்ணா, டிஜேவு ரூட்கிட் இல்லைதான். ஆனால் அந்தக் கிராக்கில் டிஜேவு மட்டும்தான் இருந்தது என்று யார் சொன்னது? இவற்றை விநியோகம் செய்பவர்கள் ஒரே பெட்டியில் பலருடைய சரக்கை வைத்து அனுப்புகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி. ரான்சம்வேர் தன் முகத்தைக் காட்டிவிட்டது. காட்டாதது எத்தனை என்று எப்படித் தெரியும்? மூன்று ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் பாஸ்வேர்ட் அடிக்க எனக்கு மனம் வராது.

முத்துராமன்_கோவை

கணபதி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தேவையற்ற டூல்பார், விளம்பரம் காட்டும் எக்ஸ்டென்ஷன், தேடல் பக்கத்தை மாற்றும் சில்லறை நிரல்கள் என்றால் நானும் சுத்தம் செய்வதோடு விடுவேன். அதற்கெல்லாம் ஆட்வ்க்ளீனர் போதும்.

இந்த இடத்தில் நான் செல்வா பக்கம். நிர்வாகி அனுமதியோடு ஓடிய, டிஃபெண்டரையே கண்ணைக் கட்டிவிட்ட நிரலுக்குப் பிறகு அந்த விண்டோஸை நம்பக் கூடாது. நகல் எடுத்தாகிவிட்டது, வேவ் ஃபைல்களும் பத்திரம். இனி டிஸ்கின் எல்லாப் பகுதிகளையும் அழித்து, வேறு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவியால் தயாரித்த பென்டிரைவிலிருந்து புதிதாகப் போடுங்கள். "ரீசெட்" பொத்தான் வேண்டாம்.

கயல்விழி அம்மா, ஒரு கேள்வி. உங்கள் விண்டோஸ் விலை கொடுத்து வாங்கியதா?

கயல்விழி_தென்காசி

கடையில் அசெம்பிள் செய்தபோது அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். பில்லில் விண்டோஸ் என்று எதுவும் இல்லை. நான் டியூஷன் எடுப்பவள், வினாத்தாள் அடிப்பது, பாடம் அச்சிடுவது, பிள்ளைகளுக்கு வீடியோ காட்டுவது, இவ்வளவுதான் வேலை.

முத்துராமன்_கோவை

அப்படியென்றால், விலை கொடுத்து வாங்கியதுபோல் விண்டோஸை ஓடவைக்கும் ஆக்டிவேட்டர் போட்டுத்தான் கொடுத்திருப்பார்கள். அதுவும் கிராக்தான். அதை இயக்குவதற்காக அன்றைக்கே ஆன்டிவைரஸை நிறுத்தியிருப்பார்கள்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புராசசராவது வேண்டும். உங்களுடையது அதற்கு முந்தையது என்று நீங்கள் அனுப்பிய உரை ஃபைலில் தெரிகிறது. நீங்கள் சொன்ன வேலைகளுக்கு லினக்ஸ் மின்ட்டும் லிப்ரே ஆபீஸும் போதும், தமிழில் நன்றாகவே தட்டச்சு செய்யலாம். ஏற்கெனவே மின்ட் பென்டிரைவ் கையில் இருக்கிறது. பிரிண்டர் வேலை செய்கிறதா என்று அதிலேயே சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

யாழ்_வாசன்

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்தில் பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் வேலை செய்கிறவன். நாதஸ்வரம் எண்டதும் விட்டுப் போக மனம் வரேல்லை. இவ்வளவு நேரமும் சாவியைப் பற்றியே கதைக்கிறீர்கள், வேவ் ஃபைலுக்குச் சாவியே தேவைப்படாமல் போகலாம்.

இந்த ரான்சம்வேர் அவசரக்காரன். ஒவ்வொரு ஃபைலிலும் தொடக்கத்தில் உள்ள ஏறத்தாழ 150 கிலோபைட்டை மட்டும்தான் பூட்டும், மிச்சத்தைத் தொடாது. சின்ன வேர்டு ஃபைல் முழுதும் அதற்குள் அடங்கிவிடும், சாவி இல்லையென்றால் போனது போனதுதான். ஆனால் வேவ் ஃபைல் பெரியது. சிடி தரத்தில் பதிந்திருந்தால் ஒரு விநாடிக்கு 1,76,400 பைட் (44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 2 பைட், இரண்டு சேனல்). 150 கிலோபைட் என்றால் ஒரு விநாடிகூட இல்லை. ஒரு மணி நேரத் தோடியில் முதல் விநாடி மட்டும் போயிருக்கிறது. அந்த முதல் விநாடியில் பெரும்பாலும் கேசட் இரைச்சல்தான் இருந்திருக்கும்.

பிறகேன் பாட மறுக்கிறது என்றால், ஃபைலின் முதல் 44 பைட்டில்தான் இது எந்தத் தரம், எத்தனை சேனல் என்ற குறிப்பு இருக்கும். அது பூட்டுப்பட்டதால் பிளேயருக்கு என்னவென்று தெரியவில்லை. அந்தக் குறிப்பை நாங்கள் கையால் கொடுக்கலாம். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறவுங்கோ. ஃபைல் மெனுவில் இம்போர்ட், அதற்குள் ரா டேட்டா. பூட்டிய ஃபைலின் நகலைத் தெரிவு செய்து, 16 பிட் சைன்ட் பிசிஎம், லிட்டில் எண்டியன், 44100, ஸ்டீரியோ என்று கொடுங்கோ. தொடக்கத்தில் ஒரு கணம் கொடூரமான இரைச்சல் வரும், ஸ்பீக்கரின் சத்தத்தை முதலே குறைத்து வையுங்கோ. அதுக்குப் பிறகு இசை வர வேணும். இரைச்சலை வெட்டிவிட்டுப் புதிய பெயரில் சேமியுங்கோ. மோனோவில் பதிந்திருந்தால் ஸ்டீரியோவாகத் திறக்கும்போது வேகம் இரண்டு மடங்காகக் கேட்கும், அப்படியென்றால் மோனோ என்று மாற்றித் திறவுங்கோ.

எம்பி3யில் 128 கிலோபிட் தரமென்றால் முதல் பத்து விநாடிக்குள்தான் இழப்பு. நகலில் அந்த நான்கு எழுத்தை நீக்கி விஎல்சியில் போட்டுப் பாருங்கோ, பல வேளை அப்படியே பாடும்.

கயல்விழி_தென்காசி

வாசன் அண்ணா!

பாடுகிறது. மின்ட்டில் ஒடாசிட்டி போட்டு நீங்கள் சொன்னபடியே கொடுத்தேன். ஒரு கீச்சென்ற சத்தம், அடுத்து தவில், அதற்கு மேல் அப்பா. எங்கள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். சில ஃபைல்கள் இரட்டை வேகத்தில் கேட்டன, மோனோ என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. ஒரு மல்லாரியின் தொடக்கத் தாளம் மட்டும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது, அதற்கு எம்பி3 பிரதியும் இல்லை. மற்றதெல்லாம் முழுதாக இருக்கின்றன.

முத்துராமன் சாருக்கும் ஒரு செய்தி. மின்ட் போடுவதற்கு முன்பு, அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் எம்சிசாஃப்ட் கருவியை ஓட்டிப் பார்த்தோம். டி1 எண்ணுக்குச் சாவி இருக்கிறது! மகளின் காதுகுத்துப் படங்கள் இருந்த ஃபோல்டர் முழுவதும் திறந்துவிட்டது. இன்னொரு எண்ணில் பூட்டியவைக்கு, ஆன்லைன் எண், திறக்க முடியாது என்று காட்டுகிறது. அதில் வீடியோக்களும் வேறு படங்களும் வினாத்தாள்களும் இருக்கின்றன.

முத்துராமன்_கோவை

மனம் நிறைந்தது அம்மா. வாசன் ஐயா சொன்ன வழியை நான் வீடியோவுக்குத்தான் சொல்ல இருந்தேன், வேவுக்கு இவ்வளவு எளிது என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

மிச்சத்துக்கு வருவோம். போனில் எடுத்த எம்பி4 வீடியோக்களில் படமும் ஒலியும் எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணை பெரும்பாலும் ஃபைலின் கடைசியில் இருக்கும். அதைப் பூட்டவில்லை. டிஸ்க்ட்யூனா தரும் மீடியா ரிப்பேர் என்ற இலவசக் கருவி இதற்கென்றே உள்ளது. அதே போனில், அதே அமைப்பில் எடுத்த பழுதில்லாத ஒரு வீடியோவை மாதிரியாகக் காட்ட வேண்டும். போன் இன்னும் உங்களிடம் இருந்தால் இப்போதே ஒரு நிமிட வீடியோ எடுத்துக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களில் அந்த அட்டவணை முன்னாலேயே இருப்பது வழக்கம், அவை மீள்வது கடினம். அவற்றை அனுப்பியவரிடமே திரும்பக் கேட்பது சுலபம்.

படங்களில் இழப்பு அதிகம். ஜேபெக்கின் தலைப்பகுதி போனால் மிச்சத்தைப் படிக்க அதே கேமராவின் இன்னொரு படத்திலிருந்து தலைப்பகுதியை எடுத்து ஒட்ட வேண்டும். அப்போதும் படத்தின் மேல்பகுதி போயிருக்கும், நிறம் மாறியிருக்கும். முக்கியமான சில படங்களுக்கு மட்டும் அந்த உழைப்பு தகும். அதற்கு முன் பழைய போன், கேமராவின் மெமரி கார்டு இரண்டையும் பாருங்கள். கார்டில் அழித்த படங்களை போட்டோரெக் என்ற கருவி பல நேரம் எடுத்துக்கொடுக்கும், அந்தக் கார்டில் புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால்.

வினாத்தாள்களை எந்தக் கருவியும் மீட்காது. பெற்றோருக்கு மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பியிருந்தால் அங்கிருந்து எடுங்கள்.

மீளாதவற்றையும் அழித்துவிடாதீர்கள். பூட்டிய நகல், சிஸ்டம்ஐடி ஃபோல்டர், ரீட்மீ மூன்றையும் அப்படியே வைத்திருங்கள். குற்றவாளிகளின் சர்வர் காவல்துறையிடம் சிக்கிச் சாவிகள் வெளிவந்த நிகழ்வுகள் மற்ற ரான்சம்வேர்களில் உண்டு. நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் அவ்வப்போது பார்த்து வாருங்கள்.

நித்யா_திருச்சி

நான் கல்லூரியில் படிக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எங்கள் விடுதியில் சுற்றும் கிராக் ஃபைலை அழித்துவிட்டேன். அதுவும் பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பாகத்தான் வந்தது, கூடவே "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இயக்கவும்" என்ற குறிப்பு. வீடியோ எடிட்டிங்குக்கு என்ன செய்வது?

செல்வா_ஐடி

ஜிப்புக்குப் பாஸ்வேர்ட் போடுவதே ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் தங்கச்சி. நல்ல கிராபிக்ஸ் உள்ள லேப்டாப் என்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, சாதாரண லேப்டாப் என்றால் ஷாட்கட் அல்லது கேடென்லைவ். கல்லூரி விழாவுக்கு இவற்றில் எது என்றாலும் தாராளமாகப் போதும். படங்களுக்கு ஜிம்ப், போஸ்டர் வரைய இங்க்ஸ்கேப்.

கயல்விழி_தென்காசி

மீடியா ரிப்பேரில் வீடியோக்களில் பாதிக்கு மேல் வந்துவிட்டன. கம்ப்யூட்டரில் இப்போது மின்ட் ஓடுகிறது, பிரிண்டரும் வேலை செய்கிறது. நாத்தனார் மகன் ஷாட்கட்டில் விழா வீடியோவை முடித்துக் கொடுத்துவிட்டான்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. அப்பாவின் பதிவுகளை இனி எங்கே வைப்பது? இந்த வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று போதுமா?

யாழ்_வாசன்

போதாது தங்கச்சி. எந்த நேரமும் கணினியில் செருகியபடி இருக்கும் டிஸ்க் இரண்டாம் பிரதி ஆகாது, வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். ஒரு டிஸ்க் நகலெடுக்கும்போது மட்டும் செருகுவதற்கு. இன்னொரு டிஸ்க் வேறொரு வீட்டில், உங்கள் சகோதரர் வீட்டிலோ நாத்தனார் வீட்டிலோ. மூன்றாவதாக இணையத்தில் ஒரு பிரதி. வேவை ஃபிளாக்காக மாற்றினால் ஒலி ஒரு துளியும் குறையாமல் ஏறத்தாழப் பாதி அளவாகச் சுருங்கும், ஏற்றுவது சுலபம். ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் கோயில், ஆண்டு, ராகம், தவில் வாசித்தவர் பெயர் எல்லாம் எழுதி வையுங்கோ. அம்மாவுக்கு இவை நினைவிருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கோ.

அப்புறம், பூஞ்சை பிடித்த கேசட்டுகளை எறிந்துவிடாதேயுங்கோ. நாடா அறுந்து போகவில்லை என்றால் கேசட்டின் கூட்டைத் திறந்து, நாடாவைச் சுத்தம் செய்து, வேறு கேசட் கூட்டில் மாற்றி ஓட வைக்கலாம். அந்த மல்லாரி எந்தக் கேசட்டில் இருந்தது என்று பாருங்கோ, முறையை நான் தனியாக எழுதி அனுப்புகிறேன்.